மழையைத் தள்ளி விடுகிற வேலை

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கும். ஊரே மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வருகிற மழையைத் தள்ளி விடுவதற்கு இவர் சம்பளம் வாங்கினார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, பதினோரு வருஷம்.

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே சக்கரம் வைத்த ஒரு கூரை. இரண்டு பக்கமும் தண்டவாளம். வெயில் நாட்களில் கூரை ஓரமாக நிற்கும், பயிர் வெயில் காயும். நாலு தூறல் விழுந்தால் போதும், கூரையைத் தள்ளிக்கொண்டு போய்ப் பயிருக்கு மேலே நிறுத்த வேண்டும். மழை விட்டதும் திரும்பவும் பின்னால் இழுக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் பயிர் என்ன பாடு படுகிறது, எது தாங்குகிறது, எது சாகிறது என்று பார்ப்பதற்கு அவர்களே வறட்சியை உண்டாக்கிக்கொள்கிறார்கள். நாட்டில் வறட்சிக்கா பஞ்சம் என்று நான் கேட்டேன். "நம்ம வறட்சிக்குக் கணக்கு கிடையாது. அங்க ஒவ்வொரு வாளித் தண்ணிக்கும் கணக்கு இருக்கு" என்றார் இவர். அப்படிச் சொன்னபோது முகத்தில் ஒரு பெருமை வேறு.

இவர் பிறவியில் விவசாயி இல்லை. கடைகளுக்கு ஷட்டர் செய்கிற பட்டறையில் வெல்டராக இருந்தவர். கல்யாணமான புதிதில், அந்தக் கூரையின் சக்கரம் சிக்கிக்கொண்டது என்று இவரைக் கூப்பிட்டார்கள். சக்கரத்தைச் சரி செய்துவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். தண்டவாளம் போட்டதே கோணல் என்று அங்கே இருந்த பெரிய அதிகாரியிடமே சொல்லியிருக்கிறார். "அப்ப நீயே இருந்து பாத்துக்கோ" என்று அந்த ஆளும் சொல்லிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, இவர் அப்படித்தான் அரசாங்க வேலைக்குப் போனார்.

அன்றிலிருந்து இவருக்குக் குடைக்காரர் என்று பெயர். கூடத் தள்ளுகிறவர் ஒரு வயசாளி. எந்நேரமும் சக்கரங்களுக்கு மசகு போட்டுக்கொண்டே இருப்பதால் அவருக்குக் கிரீஸ் என்று பெயர். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் கூரை நேராகப் போகும். ஒருவரே தள்ளினால் ஒரு பக்கம் முன்னே போய், மறுபக்கம் பின்தங்கி, குறுக்கே மாட்டிக்கொள்ளும்.

எங்களுக்கு மகள் பிறந்த அன்று தூறல் போட்டது. நான் ஆஸ்பத்திரியில் வலியில் கிடக்கிறேன், இவரைக் காணோம். பிள்ளை பிறந்து ஒரு மணி நேரம் கழித்து வந்தார். ஏன் லேட் என்று நர்ஸ் கேட்டதற்கு, "கூரையை மூடிட்டு வந்தேன்" என்றார். பாவம், வீடு ஒழுகுகிறது போல என்று நினைத்து அந்த நர்ஸ் எனக்கு இன்னொரு போர்வை கொடுத்தாள்.

இதைவிட ஒரு கூத்து உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் நிலத்துக் கொட்டகையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சோளம் முளைத்து ஒரு சாண் வளர்ந்திருந்தது. திடீரென்று சடசடவென்று மழை. நான் சந்தோஷத்தில் வெளியே வந்து பார்த்தால், இந்த மனுஷன் பாதித் தூக்கத்தில், தானியம் காயப்போடுகிற தார்ப்பாயை இழுத்துக்கொண்டு போய் எங்கள் சோளத்தின் மேல் மூடிக்கொண்டிருக்கிறார். நான்கு பாத்தி மூடியாகிவிட்டது.

"ஏங்க, இது நம்ம நிலம்" என்றேன்.

தார்ப்பாயின் நுனியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "அதானே" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் மடித்து வைத்தார். பக்கத்து நிலத்து அண்ணன் வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவர் பார்த்தால் தண்டோரா போட்ட மாதிரி. சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை போய்விட்டது.

சிரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடைசி மூன்று வருஷம் மழை சரியாகப் பெய்யவில்லை. அப்போது சிரிப்பெல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டது. இவர் மூடி மூடித்தான் மழைக்கே கோபம் வந்துவிட்டது என்று ஒருத்தர் சொன்னார். விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்திருப்பார்கள். போகப் போகப் பாதிப் பேர் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவ்வளவு பெரிய கூரையை மூடுகிற இவராலேயே அதை மூட முடியவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அது இல்லாமல் இவர் கதை இல்லை. எங்கள் நிலம் என் அப்பா வழியில் வந்தது. விவசாயம் என் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு போகம் சோளம், முழுக்க வானம் பார்த்த பூமி. தானியம் எங்களுக்கு, காய்ந்த தண்டு, அதாவது தட்டை, மாட்டுக்கு. அகல உழுவதை விட ஆழ உழு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார் அப்பா. நான் அகலமாகவும் உழுவேன், ஆழமாகவும் உழுவேன். அறுவடை முடிந்ததும் தட்டையை அடியோடு அறுத்து, கட்டையைப் பிடுங்கி, மூன்று உழவு போட்டு, மண்ணை மாவு மாதிரி ஆக்கி வைப்பேன். என் நிலத்தில் ஒரு துரும்பு கிடக்காது. துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது என்று நாலு பேர் சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது.

ஆராய்ச்சி நிலையத்தில் அந்தக் கடைசி மூன்று வருஷமும் நடந்தது சோளத்துக்கான பரீட்சைதான். கூரைக்கு அடியில் நாற்பத்தெட்டுப் பாத்தி, மூன்று ரகச் சோளம். பாதிப் பாத்திகளை என்னைப் போலவே உழுது சுத்தமாக வைத்திருந்தார்கள். மீதிப் பாதியை உழவே இல்லை. போன வருஷத்துத் தட்டையை நறுக்கி அப்படியே மண் மேல் போட்டு, நடுவில் குச்சியால் குழி போட்டு விதைத்திருந்தார்கள். எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு தண்ணீர், பூவாளியால் அளந்து ஊற்றுவது. ஊற்றுகிறவரும் இவர்தான்.

"நாமளும் தட்டையை நிலத்துல விட்டுப் பாக்கலாமா?" என்று முதல் வருஷமே கேட்டார்.

"மாட்டுக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா?"

"பாதி விடலாம்."

"நிலத்துக்குப் போர்வை போத்தணுமா? அதுக்கு என்ன காய்ச்சலா?"

முதல் வருஷம் என் பக்கம்தான் ஜெயித்தது. தட்டை போட்ட பாத்திகளில் பயிர் கொஞ்சம் வெளிறிப்போய் இருந்தது என்று இவரே வந்து சொன்னார். நான் விடுவேனா? ஒரு மாசம் சொல்லிக் காட்டினேன். இரண்டாவது வருஷம் இரண்டும் கிட்டத்தட்ட சமம். மூன்று வருஷம் முடிந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று அந்தப் பரீட்சையை நடத்துகிற மேடம் சொன்னார்களாம். அதுவரை வெளியிலிருந்து ஒரு மழை உள்ளே விழக்கூடாது. விழுந்தால் எந்தப் பாத்தி எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று தெரியாமல் போகும். மூன்று வருஷ வேலையும் அதோடு குப்பை.

மூன்றாவது வருஷம்தான் கொடுமை. விதைத்த பிறகு இரண்டு மழை பெய்தது, அதை நம்பி எல்லாச் சோளமும் எழுந்துவிட்டது. பிறகு நாற்பத்து மூன்று நாள் ஒரு சொட்டு இல்லை. எங்கள் சோளத்தில் கதிர் வெளியே வருகிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் தண்டு நிற்கும், கதிரும் நிற்கும், உள்ளே மணி இருக்காது. சாவி என்று சொல்வோம். இலையெல்லாம் சுருண்டு குழல் மாதிரி ஆகிவிட்டது. நான் தினமும் காலையில் போய்க் கதிரைப் பிரித்துப் பார்த்துவிட்டு வருவேன். வந்து யாரிடமாவது சண்டை போடுவேன். அநேகமாக இவரிடம்தான்.

அன்றைக்குக் கிரீஸுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். இவர் கை கழுவிவிட்டு உட்காரும்போதே மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் மண் வாசனை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவர் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

"அந்தப் பக்கம் போய்ப் பிடி" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் வந்த கோபம் இருக்கிறதே, அது என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"நான் பிடிக்க மாட்டேன்" என்றேன். "நாப்பத்து மூணு நாளா நான் எதுக்கு வானத்தைப் பாத்துட்டு இருக்கேன்? நம்ம சோளம் அங்க செத்துட்டு இருக்கு. மழை முகம் காணாத பயிரும் தாய் முகம் காணாத பிள்ளையும்னு சொல்லுவாங்க. பயிர் குடிக்கிற தண்ணியத் தட்டி விட என் கையக் கூப்பிடுறீங்களா?"

"உனக்கு வேணாம்னா விடு" என்றார்.

அதட்டியிருந்தால் நானும் பதிலுக்கு அதட்டியிருப்பேன். இவர் அதட்டவில்லை. போய்த் தோளைக் கொடுத்துத் தனியாகத் தள்ள ஆரம்பித்தார். கூரை ஒரு பக்கம் ஓர் அடி நகர்ந்தது, மறுபக்கம் நகரவில்லை. கிறீச்சென்று ஒரு சத்தம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடினார், அங்கே ஓர் அடி தள்ளினார், திரும்ப இங்கே ஓடி வந்தார். இப்படி மூன்று தடவை. நாற்பதைத் தாண்டிய மனுஷன். முதல் சொட்டு என் நெற்றியில் விழுந்தது. இவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எங்கள் சோளத்தைப் பார்க்கும்போது என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது.

போய்ப் பிடித்தேன். வேறு என்ன செய்ய? "ஒண்ணு, ரெண்டு, தள்ளு" என்றார். தள்ளினேன். என் வாயில் வந்த வசவையெல்லாம் சொல்லிக்கொண்டே தள்ளினேன். சோளத்துக்கு மேலே கூரை போய் நின்றது. அடுத்த நொடி கொட்டியது பாருங்கள், காதே அடைத்துப்போகிற மழை. தகரத்தில் விழுந்த தண்ணீர் குழாய் வழியாக வாய்க்காலில் போய் விழுந்து ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன். இவர் பாத்தி பாத்தியாகக் குனிந்து, எங்காவது நனைந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும் நான் யாரிடமும் சொல்லாமல் எங்கள் நிலத்துக்கு ஓடினேன். அங்கேயும் நன்றாகப் பெய்திருந்தது. ஆனால் நிலத்தில் தண்ணீர் இல்லை. வேகமாக விழுந்த மழையில், மாவு மாதிரி நான் இடித்து வைத்திருந்த மண் மேலே ஆடை கட்டிய பால் மாதிரி மூடிக்கொண்டுவிட்டது. அதற்கு மேல் விழுந்த தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல், மேல் மண்ணையும் அள்ளிக்கொண்டு, வடக்கு மூலையில் வரப்பை உடைத்துப் பள்ளத்துக்குப் போய்விட்டது. விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு விரற்கடை ஈரம், அதற்குக் கீழே புழுதி. துடைத்து வைத்த நிலம், மழையையும் துடைத்து வெளியே விட்டுவிட்டது. நான்காம் நாள் பழையபடி வெடிப்பு விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

இவரிடம் மூன்று நாள் பேசவில்லை. கோபம் இவர் மேல் என்று இவர் நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

ஒரு மாசம் கழித்து ஆராய்ச்சி நிலையத்தில் அறுவடைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நான் போனேன். எதற்குப் போனேன் என்று இவர் கேட்கவில்லை. பாத்தி பாத்தியாகக் கதிரை அறுத்து, தனித்தனிச் சாக்கில் போட்டு, தட்டித் தூற்ற வேண்டும். உழுத பாத்திச் சாக்குகளைத் தூக்கினால் பஞ்சு மாதிரி இருந்தது. தட்டினால் பதர்தான் பறந்தது. அது எனக்குப் புதிதல்ல, எங்கள் வீட்டு முற்றத்தில் அதே பதர்தான் பறந்துகொண்டிருந்தது. பிறகு தட்டை மூடிய பாத்திக் கதிர்களை எடுத்தேன். அந்த மழையை நான் என் கையால் தள்ளி விட்ட அதே பயிர். ஒரு கதிரைக் கையில் வைத்ததும் தெரிந்துவிட்டது, தராசே தேவையில்லை. எல்லாம் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஒரு ரகம் தட்டை போட்டும் சாவியாகத்தான் போயிருந்தது. ஆனால் மற்ற இரண்டிலும் மணி இருந்தது. நல்ல வருஷத்து மணி அல்ல, சிறுத்த மணி. ஆனாலும் மணி.

கையில் வைத்துக்கொண்டு நின்றதை மேடம் பார்த்துவிட்டார்கள். "என்னம்மா பாக்கறீங்க?" என்றார்கள்.

"ஒண்ணுமில்ல மேடம். எங்க வீட்டுக்காரர் எப்பவாவது சரியா சொல்லிடுறார். அதான் பயமா இருக்கு."

எங்கள் நிலத்தில் தானியம் இல்லாவிட்டாலும் தட்டை இருந்தது, மாட்டுக்கு அறுக்க வேண்டுமே. அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். எப்போதும் மண்ணோடு மண்ணாக அறுக்கிறவள், அன்றைக்கு முழங்கால் உயரத்தில் அறுத்தேன். மேல் பாதி மாட்டுக்கு, அடிக்கட்டை நிலத்துக்கு. அடிக்கட்டையை எங்கள் மாடும் விரும்பித் தின்னாது, பாதியைக் காலடியில் போட்டு மிதிக்கும். சின்ன வயசிலிருந்தே இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

சாயங்காலம் இவர் வேலை முடிந்து நிலத்துப் பக்கம் வந்தார். பாதி நிலம் அறுத்தாகிவிட்டது. அறுத்த இடமெல்லாம் கட்டைகள் நிற்கின்றன. வரப்பில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"அருவா மொட்டையா?" என்றார்.

"இல்ல."

"அப்புறம்?"

"முதுகு வலி. குனிய முடியல."

"சரிதான்" என்றார். இன்னோர் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து, என் அளவு பார்த்து, அதே உயரத்தில் அறுக்க ஆரம்பித்தார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு பேச்சு பேசவில்லை. கெட்டிக்காரர், எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரியும்.

அந்த வருஷம் நான் உழவும் இல்லை. ஏர் பூட்டாத நிலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று விவசாயம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குக் கை அரித்தது. அப்பா இருந்திருந்தால் என்னோடு பேசியிருக்கவே மாட்டார். பக்கத்து நிலத்து அண்ணன் சும்மா விடுவாரா? "என்ன தங்கச்சி, நிலத்துக்கு முடி வெட்ட ஆள் கிடைக்கலையா?" என்று கேட்டார். "வளர்த்துப் பாக்கறேன் அண்ணே, அழகா இருந்தா உங்களுக்கும் சொல்றேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். இந்த வருஷமும் சாவியாகப் போனால், வீட்டில் தானியமும் இருக்காது, வெளியில் மானமும் இருக்காது.

அந்த அறுவடையோடு பரீட்சை முடிந்தது, பழைய கூரையையும் ஓய்வாக நிறுத்திவிட்டார்கள். இனி மோட்டார் வைத்த கூரை வரும், பொத்தானைத் தட்டினால் தானே போகும் என்றார்கள். இவரை விதைக் கிடங்குக்கு மாற்றினார்கள். கிடங்குக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு மழை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? பத்து நாள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

குழி போட்டு விதைத்தோம், இரண்டு பேரும் சேர்ந்து. முளைத்தது. பிறகு வழக்கம் போல மழை ஒளிந்துகொண்டது. இருபத்தாறு நாள். இருபத்தேழாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் களை எடுத்துக்கொண்டிருந்தோம். மேற்கே இருட்டியது. காற்று வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன், இவரைக் காணோம். வரப்பில் ஏறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிற திசையில் ஓடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எங்க ஓடறீங்க?"

பாதித் தூரத்தில் நின்றார். திரும்பிப் பார்த்தார். தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கு இருந்த அதே முகம். மெதுவாகத் திரும்பி வந்தார். அதற்குள் மழை பிடித்துவிட்டது.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. கைகளை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றார்.

"ஒண்ணும் செய்ய வேணாம். நில்லுங்க. நனையட்டும்."

நின்றார். சோளம் நனைவதைப் பார்த்தார். ஒரு இலையைப் பிடித்து, தண்ணீர் அதன் மடிப்பில் இறங்கித் தண்டோடு வழிவதைச் சின்னப் பிள்ளை மாதிரி பார்த்தார். பதினோரு வருஷம் இதை நடக்க விடாமல் பார்த்துக்கொண்ட மனுஷன். இவரை எவ்வளவு பேசியிருக்கிறேன், நான் பேசியது போதாதென்று ஊரும் பேசியிருக்கிறது.

பிறகு திடீரென்று நினைவு வந்தவர் போல வடக்கு மூலைக்கு நடந்தார். போன வருஷம் வரப்பு உடைந்த இடம். நானும் பின்னாலேயே போனேன். பக்கத்து நிலத்திலிருந்து செந்தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் மூலையில் இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையைத் தரையில் வைத்துத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டைகளின் காலடியில் தண்ணீர் சின்னச் சின்னதாகத் தேங்கி, நாங்கள் பார்க்கப் பார்க்க உள்ளே இறங்கியது. ஒரு பாத்திரம் அளவுகூட வெளியே போகவில்லை.

இவரே பேசட்டும் என்று நின்றேன். நான் சொன்னேன் பார்த்தாயா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பேன்.

மழையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன் முதுகு வலி இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"இன்னும் வலிக்குதுங்க" என்றேன். "அடுத்த வருஷமும் குனிய முடியாது."